கல் நீக்கி நிகர எடை

கூட்டுறவு வங்கி, கீழமாசி வீதிக் கிளை.
மாடியில் இரண்டாவது மேசை என்னுடையது.
ஒரு உரைகல், மூன்று அமிலப் புட்டி,
மூச்சு பட்டாலே எண் மாறும் தராசு.
இருபத்திரண்டு வருடமாக
இந்தத் தெருவின் கழுத்தையும் காதையும்
கல் நீக்கி எடை போடுகிறேன்.

ஒச்சம்மா வந்தது ஒரு செவ்வாய், உச்சிவெயில்.
மண்டியின் பூண்டு நெடி
அவருக்கு முன்னால் படியேறி வந்துவிட்டது.
முந்தானை முடிச்சில் இருமல் மிட்டாய்த் தகர டப்பா,
டப்பாவுக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள்
விரல் இல்லாத ஒரு விரல்.

"கொண்டை ஊசியாம்மா?"
"தெரியலண்ணே. எங்க மாமனார்
ரங்கூன்லருந்து நடந்து வந்தப்ப இடுப்புல இருந்துச்சாம்.
குடுத்தாகளா, எடுத்தாரான்னு
யாரும் கேட்டுக்கல.
எம்புட்டுத் தேறும்?"

காசாளர் சிக்கந்தர் படம் பிடித்துக் கைபேசியில் தேடினார்.
சீனத்து அரண்மனைப் பெண்களின் நக உறையாம்.
மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகம் வளர்த்து
வளர்ந்த நகத்துக்கு வீடு கட்டுவார்களாம்.
இந்தக் கை
ஒரு பருக்கையைக்கூடப் பொறுக்கியதில்லை என்று
ஊருக்கு அடிக்கும் தண்டோரா.

பன்னிரண்டரை சென்டிமீட்டர்.
நுனியில் அரிசி முத்து.
அடியில் பட்டை தீட்டாத சிவப்புக் கல், மாதுளை விதை மாதிரி.
நடுவே ஒரு வௌவால்.
"நகையில போய் வௌவாலா" என்று முகம் சுளித்தார் ஒச்சம்மா.
"அங்க அதுதான் அதிர்ஷ்டமாம்" என்றார் சிக்கந்தர்
ஏதோ தானே அங்கே போய் வந்தவர் போல.

வௌவாலின் சிறகில் நீலம்.
எனாமல் என்று நினைத்து லென்ஸை இறக்கினேன்.
இழை இழையாகப் பிரிந்தது.
இறகு.
சிச்சிலிக் குருவியின் இறகை
நறுக்கி, ஒட்டி, தகட்டில் படியவைத்திருக்கிறார்கள்.
வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் ஏறிய நாட்களில்
மின்கம்பியிலிருந்து விழுமே, அதே நீலம்.
திறந்த அமிலப் புட்டியை மூடினேன்.

இயந்திரம் சொன்னது:
வெள்ளி தொண்ணூற்றொன்று சொச்சம்,
தங்கம் மேல்பூச்சு மட்டும்.
வெள்ளிக்கு வங்கி கடன் தராது.
தந்தாலும் என் படிவத்தில்
கல்லுக்குக் கட்டம் உண்டு, அரக்குக்கு உண்டு,
அழுக்குக்குக்கூட உண்டு.
இறகை எங்கே எழுத?

ஒச்சம்மா வாதாடவில்லை.
காதிலிருந்து தோட்டைக் கழற்றினார்.
மூன்றே கால் கிராம்.
மகள் தேனியில் நர்சிங், இரண்டாம் வருடம்,
வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

அடுத்து கைரேகை.
"விரலத் துடைச்சுட்டு வைங்கம்மா."
வைத்தார். சிவப்பு விளக்கு.
மறுபடி. சிவப்பு.
"ரேகையெல்லாம் பூண்டு தின்னுருச்சு தம்பி.
ரேஷன் கடையில
கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்குறேன்."

மேலாளர் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம்
என்ன தோன்றியதோ,
அந்த உறையைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டார்.
உள்ளே நகமே இல்லை, வெந்து போன சதைதான்.
இருந்தும் நின்றது.
டோக்கன் எண் மாறியதும்
கவுன்டர் கண்ணாடியை அதன் நுனியால் ஒரு தட்டு.
டிங்.
சிக்கந்தர் எழுந்து நின்றுவிட்டார்.
பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல்
மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

பணத்தை எண்ணி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
டப்பாவோடு இறங்கிப் போனார்.
பூண்டு நெடி மட்டும் அரை மணி நேரம் இருந்தது.

திருப்பியளித்த பொருட்களின் பதிவேட்டில்
அன்றைய வரி என் கையெழுத்தில் இருக்கிறது:
நக உறை, ஒன்று. கடன் மறுக்கப்பட்டது.
சேதாரம் இல்லை.

எழுதி முடித்துப் பேனாவை மூடும்போதுதான் பார்த்தேன்,
கட்டைவிரலின் ரேகைக்குள்
கண்ணிமை முடியளவு ஒரு நீலம்.
தராசில் வைத்தேன்.
பூஜ்யம்.
மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை வைத்தேன்.